பாம்புக்கடி மருந்தும் குதிரையின் குருதியும்: ஆய்வுகூடம் நமக்குச் சொல்பவை

முல்லைத்தீவிலோ அநுராதபுரத்திலோ வயலில் பாம்பு கடித்து வைத்தியசாலைக்கு வரும் ஒருவருக்கு ஏற்றப்படும் அன்ரிவெனம் என்ற மருந்து, குதிரையின் உடலில் உருவானது. குப்பிக்குள் இருக்கும் வெண்ணிறத் தூளைக் கரைத்து நாளத்தினூடாக ஏற்றும்போது, அந்த மனிதரின் குருதியில் குதிரையின் புரதம் கலக்கிறது. அது உயிரைக் காப்பாற்றலாம். சிலவேளைகளில் அதுவே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையையும் உண்டாக்கலாம். இந்த இரண்டும் எப்படி ஒரே குப்பிக்குள் இருக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள, குதிரையின் நிர்ப்பீடனப் புரதங்களைப் பற்றியும், அவற்றை அளப்பதற்கு ஆய்வுகூடங்களில் பயன்படும் வேறு சில புரதங்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இது நமக்குத் தூரத்து விடயமல்ல. 2012, 2013 காலப்பகுதியில் இலங்கை முழுவதும் 44,136 வீடுகளில் 165,665 பேரிடம் தகவல் திரட்டிய ஆய்வொன்றின் முடிவுகள் 2016இல் வெளியாகின. ஓராண்டில் இந்நாட்டில் 80,514 பேரைப் பாம்பு கடிக்கிறது, அவர்களில் 30,543 பேரின் உடலில் நஞ்சு ஏறுகிறது, 464 பேர் இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. கடிபடுபவர்களில் பெரும்பாலானோர் உலர்வலயத்து விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும். வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களில் இப்படிப் பாதிக்கப்பட்ட ஒருவரையாவது அறியாத குடும்பம் அரிது. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்து எங்கிருந்து வருகிறது, எந்தப் பாம்புக்கு வேலை செய்யும், எதற்குச் செய்யாது என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. இக்கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

பிறபொருளெதிரி என்பது என்ன?

உடலுக்குள் அந்நியப் பொருளொன்று நுழையும்போது, அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதற்காக நிர்ப்பீடனத் தொகுதி உருவாக்கும் புரதமே பிறபொருளெதிரி. குருதியில் மிகுதியாகக் காணப்படும் வகை ஐஜிஜி எனப்படுகிறது. இரண்டு கைகளும் ஒரு தண்டும் கொண்ட கவண்தடி போன்ற வடிவம் அதற்கு. கைகளின் நுனிகள் இலக்கைப் பிடிக்கும். தண்டு, பிடித்ததை என்ன செய்ய வேண்டும் என்று உடலின் மற்றக் கலங்களுக்கு அறிவிக்கும்.

கைகளின் நுனி எண்ணற்ற விதங்களில் மாறுபடக்கூடியது. நாகபாம்பின் நஞ்சைப் பிடிக்கும் நுனி ஏற்புவலிக் கிருமியின் நஞ்சைப் பிடிக்காது. தண்டுப் பகுதி அப்படியல்ல. ஓர் இனத்தின் உடலில் ஒவ்வொரு வகைக்கும் அது ஏறக்குறைய ஒரே மாதிரியானது. ஆனால் இனத்துக்கு இனம் வேறுபடும். மனிதனின் தண்டு வேறு, குதிரையின் தண்டு வேறு, எலியின் தண்டு வேறு. மனித உடல் குதிரையின் புரதத்தை அந்நியமாக அடையாளம் காண்பதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கிய காரணம். ஆய்வுகூடத்தில் குதிரையின் பிறபொருளெதிரியைத் தனியாகக் கண்டுபிடிக்க முடிவதும் இதே வேறுபாட்டால்தான்.

ஏன் குதிரை?

1890இல் பேர்லினில் எமில் வொன் பேரிங் என்ற ஜேர்மனியரும் கித்தசாத்தோ ஷிபசபுரோ என்ற ஜப்பானியரும் ஓர் உண்மையை நிரூபித்தார்கள். ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஆகிய நோய்களின் நஞ்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் குருதிப் பாயத்தை மற்றொரு விலங்குக்கு ஏற்றினால், அந்த விலங்கும் காப்புப் பெறும் என்பதே அது. மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்குக் கிடைத்தது.

ஆரம்பப் பரிசோதனைகள் சிறு விலங்குகளில் நடந்தன. நோயாளிகளுக்குக் கொடுக்கும் அளவுக்குப் பாயம் வேண்டுமென்றால் பெரிய விலங்கு தேவை. ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறையுள்ள குதிரையின் உடலில் சுமார் 40 லீற்றர் குருதி இருக்கும். மனிதரோடு பழகிய விலங்கு, கழுத்து நாளம் பெரிது, குருதி எடுப்பது இலகு. 1894இல் பாரிஸில் எமில் ரூ என்பவர் குதிரைப் பாயத்தைக் கொண்டு தொண்டைக்கரப்பான் நோயுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையளித்த பிறகு, குதிரையே இந்தத் துறையின் பிரதான விலங்காகிவிட்டது.

அதே 1894இல் பிரான்சில் இரு குழுக்கள் பாம்பு நஞ்சுக்கெதிரான பாயத்தைப் பற்றி அறிவித்தன. ஒன்று செசார் பிசாலிக்ஸ், கப்ரியேல் பேர்த்ரான் ஆகியோருடையது. மற்றையது வியட்நாமின் சைகோனில் பணியாற்றித் திரும்பிய அல்பேர் கல்மெட் உடையது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைப் பிற்காலத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவரும் இவர்தான். நாகபாம்பின் நஞ்சைக் கொண்டு உருவாக்கிய தனது பாயம் வேறு பாம்புகளுக்கும் பயன்படும் என்று கல்மெட் நம்பினார். பிரேசிலில் வைத்தால் பிரசில் என்ற வைத்தியர் அது பிழை என்று காட்டினார். அந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சுக்கு அந்த மருந்து உதவவில்லை. எந்தப் பாம்பின் நஞ்சைக் குதிரைக்குக் கொடுத்தோமோ, அந்த நஞ்சுக்கும் அதை நெருங்கி ஒத்தவற்றுக்கும் மட்டுமே மருந்து கிடைக்கும். நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும் இலங்கையின் பாம்புக்கடிச் சிகிச்சையில் உள்ள மிகப் பெரிய பிரச்சினை இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

தரக்கட்டுப்பாட்டின் பாடமும் குதிரையிலிருந்தே வந்தது. 1901இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், பால் வண்டி இழுத்து ஓய்வுபெற்ற ஜிம் என்ற குதிரையிலிருந்து எடுக்கப்பட்ட தொண்டைக்கரப்பான் மருந்தில் ஏற்புவலி நஞ்சு கலந்திருந்தது. 13 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, இத்தகைய உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கு கொண்டுவரப்பட்டது.

மாமல்லபுரத்திலிருந்து நம் வைத்தியசாலை வரை

இலங்கையில் பயன்படும் அன்ரிவெனம் இந்தியாவில் தயாராவது. அதற்கான நஞ்சின் பெரும்பகுதி தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கிடைக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் 1970களில் தடைசெய்யப்பட்டபோது வாழ்வாதாரத்தை இழந்த இருளர் மக்களுக்காக, ரொமுலஸ் விற்றேக்கரின் முயற்சியோடு 1978இல் இச்சங்கம் உருவானது. பாம்புகளைப் பிடித்துச் சில வாரங்கள் பானைகளில் வைத்திருந்து, சில தடவைகள் நஞ்செடுத்த பின் மீண்டும் காட்டில் விடுவது அவர்களின் முறை. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நாகபாம்பு, கட்டு விரியன், எங்கள் பக்கத்தில் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகின்றன. அங்கு குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டி நஞ்சு ஊசி மூலம் ஏற்றப்படுகிறது. சில மாதங்களில் குதிரையின் குருதியில் நஞ்சுக்கெதிரான பிறபொருளெதிரிகள் பெருகுகின்றன. பிறகு குருதி எடுத்து, முதலுருவைப் பிரித்து, செங்கலங்களைப் பல இடங்களில் குதிரைக்கே திரும்ப ஏற்றிவிடுகிறார்கள்.

அந்த முதலுரு அப்படியே மருந்தாவதில்லை. பெப்சின் என்ற நொதியத்தைக் கொண்டு பிறபொருளெதிரியின் தண்டுப் பகுதி வெட்டப்படுகிறது. நஞ்சைப் பிடிக்கும் இரண்டு கைகளும் ஒன்றாகச் சேர்ந்த துண்டு எஞ்சுகிறது. அதைச் சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்தித் தூளாக்குகிறார்கள். ஒரு குப்பித் தூளை 10 மில்லிலீற்றராகக் கரைத்தால், அதில் ஒவ்வொரு மில்லிலீற்றரும் நாகபாம்பின் நஞ்சில் 0.6 மில்லிகிராம், கண்ணாடி விரியனின் நஞ்சில் 0.6 மில்லிகிராம், கட்டு விரியனின் நஞ்சில் 0.45 மில்லிகிராம், சுருட்டை விரியனின் நஞ்சில் 0.45 மில்லிகிராம் ஆகியவற்றைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பது நியமம். இலங்கையில் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே 10 முதல் 20 குப்பிகள் வரை தேவைப்படலாம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான். பாம்பு ஆளின் நிறையைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

காப்பாற்றும் புரதமே தாக்கும்போது

தண்டை வெட்டினாலும் எஞ்சிய துண்டு குதிரையினதுதான். அதோடு, குப்பியில் இருக்கும் புரதத்தில் ஒரு பகுதியே நஞ்சைப் பிடிப்பது. மற்றவை அந்தக் குதிரை தன் வாழ்நாளில் சந்தித்த கிருமிகள், மகரந்தங்கள், தடுப்பூசிகள் ஆகியவற்றுக்கெதிராக உருவாக்கியவை. நோயாளியின் உடலுக்கு அவற்றால் பயனில்லை, சுமைதான்.

இலங்கையில் 1,007 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், அன்ரிவெனம் பெற்றவர்களில் 752 பேருக்கு, அதாவது நான்கில் மூன்று பங்கினருக்கு, உடனடி எதிர்விளைவு ஏற்பட்டது. அந்த எதிர்விளைவுகளில் 43 வீதமானவை கடுமையானவை. பெரும்பாலானவை முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் நிகழ்ந்தன. அன்ரிவெனத்துக்கு முன்பாகச் சிறிய அளவில் அட்ரினலின் கொடுத்தால் கடும் எதிர்விளைவுகள் முதல் மணித்தியாலத்தில் 43 வீதம் குறைகின்றன என்றும், வழமையாகக் கொடுக்கப்பட்டுவந்த ஹைட்ரோகோட்டிசோன், புரோமெதசின் ஆகியவை அப்படி உதவவில்லை என்றும் அதே ஆய்வு காட்டியது. இது இலங்கை வைத்தியர்கள் இலங்கை நோயாளிகளிடமிருந்து பெற்று உலகுக்குக் கொடுத்த அறிவு.

இன்னொரு வகை விளைவு தாமதமாக வரும். ஓரிரு வாரங்கள் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு. குதிரைப் பாயம் பெற்ற பிள்ளைகளில் இதைக் கவனித்து 1905இல் விவரித்தவர்கள் பிர்க்கே, ஷிக் என்ற இரு வைத்தியர்கள். அன்ரிவெனம் பெற்றவர் வீடு திரும்பிய பிறகு இப்படி ஏற்பட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் மீண்டும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

விசர்நாய்க்கடிக்குக் கொடுக்கப்படும் காப்புப் புரதத்திலும் மனிதக் குருதியிலிருந்து பெறப்படுவது, குதிரையிலிருந்து பெறப்படுவது என இரு வகை உண்டு. குதிரையினதைக் கிலோகிராமுக்கு 40 அலகு என்றும் மனிதரினதை 20 அலகு என்றும் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஆகவே பாம்பு கடிக்காதவர்களிலும் பலரின் உடலில் குதிரையின் புரதம் ஏறியிருக்கும்.

பிறபொருளெதிரியைப் பிடிக்கும் பிறபொருளெதிரி

இப்போது ஆய்வுகூடத்துக்கு வருவோம். ஒரு நோயாளியின் குருதியில் குதிரையின் பிறபொருளெதிரி எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை நாள் நிலைக்கிறது, நஞ்சைப் பிடித்துவிட்டதா என்று எப்படி அறிவது? மனித ஐஜிஜியும் குதிரையின் ஐஜிஜியும் பார்வைக்கும் நிறைக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைப் பிரித்தறிய இன்னொரு பிறபொருளெதிரிதான் வேண்டும்.

குதிரையின் ஐஜிஜியை ஓர் ஆட்டுக்கோ முயலுக்கோ ஊசி மூலம் ஏற்றினால், அந்த விலங்கின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி அதற்கெதிரான பிறபொருளெதிரியை உருவாக்கும். அதைச் சேகரித்து, மனிதப் புரதத்தோடும் ஒட்டக்கூடியவற்றை அகற்றிவிட்டால், குதிரையினதை மட்டும் பிடிக்கும் கருவி கிடைக்கிறது. அதனோடு நிறம் மாற்றும் நொதியம் ஒன்றை இணைத்துவிட்டால், குதிரைப் புரதம் இருக்கும் இடத்தில் நிறம் தோன்றும். நிறத்தின் ஆழம் அளவைச் சொல்லும். எலைசா எனப்படும் இந்தப் பரிசோதனையின் பெயர் டெங்கு காலங்களில் பலருக்குப் பழக்கமானது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை எடுத்துக்கொண்டால், பரிசோதனை சரியாக வேலை செய்தது என்று காட்டும் இரண்டாவது கோடும் இப்படித்தான் வருகிறது. பட்டையில் ஓடிவரும் எலியின் பிறபொருளெதிரியை அந்த இடத்தில் வேறொரு விலங்கின் பிறபொருளெதிரி பிடித்து நிறுத்துகிறது.

ஆட்டிலிருந்து பெறுவது ஒரு கலவை. விலங்குக்கு விலங்கு, தொகுதிக்குத் தொகுதி அது மாறுபடும். 1975இல் ஜோர்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். பிறபொருளெதிரியை உருவாக்கும் எலியின் கலத்தை, முடிவின்றிப் பெருகும் புற்றுக்கலத்தோடு இணைத்தார்கள். அந்தக் கலவழி தொடர்ந்து ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரியை மட்டும் சுரந்துகொண்டிருக்கும். 1984இல் நீல்ஸ் ஜேர்னேயோடு இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனிதனையும் எலியையும் ஆராய்வதற்கு இப்படிப்பட்ட கருவிகள் ஆயிரக்கணக்கில் உருவாகின. குதிரைக்கு மிகக் குறைவு. சந்தை சிறியது என்பதுதான் காரணம். மனிதனுக்காக உருவாக்கிய கருவியைக் குதிரையில் பயன்படுத்தலாமே என்றால், பெரும்பாலும் முடியாது. கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள், உதாரணமாக இன்டர்பெரோன் காமா, இனத்துக்கு இனம் வடிவம் மாறியவை. மனிதனினதைப் பிடிக்கும் பிறபொருளெதிரி குதிரையினதைத் தவறவிடலாம். அதைவிட மோசமாக, வேறெதையோ பிடித்துக்கொண்டு பொய்யான விடையைத் தரலாம். எனவே ஒவ்வொன்றும் குதிரையின் புரதத்தோடு ஒட்டுகிறதா, வேறெதனோடும் ஒட்டவில்லையா என்று தனித்தனியாகச் சரிபார்க்கப்பட வேண்டும்.

ருவைலைற் என்ற பெண் குதிரையின் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டு 2009இல் விரிவாக வெளியிடப்பட்ட பிறகு, குதிரையின் புரதங்களை ஆய்வுகூடத்திலேயே தயாரித்து அவற்றுக்கெதிரான கருவிகளை உருவாக்குவது இலகுவானது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் நிதியுதவியோடு கால்நடைகளுக்கான நிர்ப்பீடனக் கருவிகளை உருவாக்கும் கூட்டுமுயற்சி ஒன்றும் நடந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் குதிரையின் ஒவ்வாமைப் பிறபொருளெதிரியையும் செய்திப் புரதங்கள் சிலவற்றையும் பிடிக்கும் கருவிகளை உருவாக்கியது.

இவற்றால் தெரியவந்தவை பல. மனிதனிடம் ஐஜிஜி நான்கு உபவகைகளாக உள்ளது. குதிரையிடம் ஏழு. மீண்டும் மீண்டும் நஞ்சு ஏற்றப்படும் குதிரையில் மிகுதியாகப் பெருகும் ஒரு வகைக்கு, ஏற்புவலியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்தே பழைய ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்தார்கள். ஏற்புவலி மருந்துக்காக வளர்க்கப்பட்ட குதிரைகளில்தான் அதை முதலில் கவனித்தார்கள்.

குதிரைகளின் நலத்துக்கும் இக்கருவிகள் வேண்டும். பசுவைப் போலவே குதிரையின் சூல்வித்தகமும் தாயின் பிறபொருளெதிரிகளைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் கடும்புப் பாலிலிருந்தே குட்டி அவற்றைப் பெற வேண்டும். குட்டியின் குருதியில் லீற்றருக்கு 8 கிராமுக்குக் குறைவாக ஐஜிஜி இருந்தால் கால்நடை வைத்தியர் கவலைப்படுவார். அதை அளப்பதற்கான பரிசோதனையும் குதிரை ஐஜிஜியைப் பிடிக்கும் பிறபொருளெதிரியைக் கொண்டதே. ஒல்லாந்தர் காலம் முதல் நெடுந்தீவில் வாழ்ந்துவரும் குதிரைகளின் நோய்களை யாராவது முறையாக ஆராய முன்வந்தால், அவர்களுக்கும் இதே கருவிப்பெட்டிதான் தேவைப்படும்.

நம் நோயாளிகளிடம் தெரியவந்தவை

பேராதனை, ரஜரட்டை உள்ளிட்ட இலங்கைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், அவுஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நோயாளிகளின் குருதியில் நஞ்சையும் அன்ரிவெனத்தையும் இந்த முறையில் அளந்திருக்கிறார்கள். அதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது கட்டு விரியன் பற்றியது. அன்ரிவெனம் கொடுத்ததும் குருதியில் சுதந்திரமாக இருந்த நஞ்சு மறைந்துவிடுகிறது. ஆனால் ஏற்கனவே ஏற்பட்ட தசைச்செயலிழப்பு மாறுவதில்லை. நஞ்சு அதற்குள் நரம்பு முனைகளைச் சேதப்படுத்திவிட்டது. அவை மீள வளர நாட்கள் எடுக்கும். அதுவரை நோயாளியைக் காப்பது செயற்கைச் சுவாசம். எனவே மருந்து குப்பியில் இருந்தால் மட்டும் போதாது, அது எத்தனை மணிக்கு ஏற்றப்படுகிறது என்பதும் அருகில் சுவாசக் கருவி இருக்கிறதா என்பதும் உயிரைத் தீர்மானிக்கின்றன.

அடுத்தது, மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறிய குழிவிரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் இந்நாட்டில் அதிகமானோரைக் கடிப்பது இதுதான். பெரும்பாலானோருக்கு வீக்கமும் வலியும் மட்டுமே. சிலருக்குக் குருதி உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதடையும், மரணங்களும் பதிவாகியுள்ளன. இந்திய மருந்தின் நால்வகை நஞ்சில் இது இல்லை. வைத்தால் பிரசில் கண்ட உண்மை இங்கே மீண்டும் வருகிறது: குதிரை சந்தித்திராத நஞ்சுக்குக் குதிரையிடம் மருந்தில்லை. இப்பாம்பைச் சுருட்டை விரியன் என்றோ புடையன் குட்டி என்றோ தவறாக அடையாளம் கண்டு அன்ரிவெனம் கொடுத்தால், நன்மை கிடைக்காது, ஒவ்வாமையின் ஆபத்து மட்டும் மிஞ்சும். மீனவர்களைக் கடிக்கும் கடற்பாம்புகளுக்கும் இந்த மருந்து உரியதல்ல.

நால்வகைப் பாம்புகளிலும்கூட, இந்தியப் பாம்பின் நஞ்சும் இலங்கைப் பாம்பின் நஞ்சும் முற்றிலும் ஒன்றல்ல. இலங்கையில் புடையன் கடித்தவர்களுக்குக் குருதி உறையாமையோடு இமை தொங்குவது போன்ற நரம்புப் பாதிப்பும் காணப்படுவது வழமை.

நமக்கென ஒரு மருந்து

இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு மருந்து தயாரிக்க முடியாதா? முடியும் என்று காட்டப்பட்டுவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தினர், கொஸ்தாரிக்காவின் குளோதோமிரோ பிக்காதோ நிறுவனத்தோடும் அமெரிக்க அமைப்பொன்றோடும் இணைந்து, குணகட்டுவாவின் நஞ்சையும் உள்ளடக்கிய மருந்தொன்றை உருவாக்கினார்கள். வைத்தியசாலைப் பரிசோதனைக்கு முந்திய கட்டத்தின் முடிவுகள் 2016இல் வெளியாகின. அங்கிருந்து ஒரு நாட்டின் தேவைக்குத் தயாரிப்பது வரை நீண்ட வழி. குதிரைப் பண்ணை, பாம்புப் பண்ணை, நோயாளிகளில் பரிசோதனை, தயாரிப்புச் சாலை, இவை அனைத்துக்கும் தொடர்ச்சியான நிதி வேண்டும்.

அதற்கும் முன்னதாக, வரும் மருந்தைச் சோதிக்கும் வல்லமை நமக்கு வேண்டும் என்பது என் கருத்து. 2023இல் அரச வைத்தியசாலைகளுக்குக் கிடைத்த மனித இமியூனோகுளோபியூலின் குப்பிகள் தரமற்றவை எனத் தெரியவந்ததையும், அந்த விவகாரத்தில் அவ்வேளை சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதுவும் பிறபொருளெதிரி மருந்துதான். ஒரு குப்பியில் இருப்பது உண்மையில் பிறபொருளெதிரியா, மனிதனினதா குதிரையினதா, எவ்வளவு இருக்கிறது என்பதை மேலே விவரித்த எளிய எலைசா முறையே சொல்லிவிடும். நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் வலுவை அறிய எலிகளில் பரிசோதிக்க வேண்டும். இரண்டுமே இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்குத் தெரியாத வித்தைகள் அல்ல. ஒவ்வொரு தொகுதியையும் இலங்கைப் பாம்புகளின் நஞ்சோடு சோதித்து முடிவைப் பகிரங்கப்படுத்துவதை ஒரு வழக்கமாக்க வேண்டும்.

குதிரையைக் கடந்து போகும் முயற்சிகளும் நடக்கின்றன. பல ஆண்டுகளாகத் தன்னுடலில் பாம்பு நஞ்சை ஏற்றிக்கொண்ட அமெரிக்கர் ஒருவரின் குருதியிலிருந்து பெற்ற இரு பிறபொருளெதிரிகளையும் ஒரு சிறுமூலக்கூற்று மருந்தையும் சேர்த்து, நாகபாம்பு குடும்பத்தைச் சேர்ந்த 19 இனங்களின் நஞ்சுக்கெதிராக எலிகளில் சோதித்த முடிவு 2025இல் வெளியானது. 13 இனங்களுக்கு முழுமையான காப்பும், மற்றவற்றுக்குப் பகுதிக் காப்பும் கிடைத்தன. விரியன் குடும்பம் அதில் இல்லை. நம்மிடையே அதிகமானோரைக் கொல்லும் புடையனுக்கு இன்னும் பல காலத்துக்குக் குதிரைதான் துணை.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

பாம்புக்கடியால் ஏற்படும் மரணத்தையும் ஊனத்தையும் 2030க்குள் பாதியாகக் குறைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அதில் பெரும்பகுதி, கடிபட்டவர் வைத்தியசாலையை அடையும் வேகத்தில் தங்கியிருக்கிறது.

கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்திருங்கள். மோதிரம், காப்பு, கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்ட வேண்டாம். வெட்ட வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம். ஆபத்தில்லாமல் தூரத்திலிருந்து கைத்தொலைபேசியில் படமெடுக்க முடிந்தால் அது வைத்தியருக்கு உதவும். விசகடி வைத்தியரிடம் போய்விட்டுப் பிறகு வைத்தியசாலைக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள், கட்டு விரியனைப் பற்றி மேலே எழுதியதை நினைவில் கொள்ள வேண்டும். கட்டு விரியனின் கடி வலிப்பதே இல்லை எனலாம். இரவில் தரையில் படுத்திருப்பவரை அது கடிக்கும். காலையில் எழும்போது வயிற்றுவலியும் இமை கனப்பதும் இருந்தால் உடனே புறப்படுங்கள். கட்டிலில் படுப்பதும், நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிக்கொள்வதும் நல்ல காப்பு.

வைத்தியசாலையில், முன்னர் எப்போதாவது அன்ரிவெனம் பெற்றிருந்தாலோ, குதிரையிலிருந்து பெறப்பட்ட வேறு மருந்து பெற்றிருந்தாலோ, ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை இருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். குருதியை ஒரு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறைந்திருந்தால் உடனே மருந்து கொடுக்காமல் கண்காணிக்கக்கூடும். அதை அலட்சியம் என்று எண்ணிச் சண்டையிட வேண்டாம். நஞ்சு ஏறாதவருக்குக் குதிரையின் புரதத்தைக் கொடுப்பது தேவையற்ற ஆபத்து. நஞ்சு ஏறியவருக்கு அதைத் தாமதிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டுக்குமிடையில் சரியாக முடிவெடுக்க வைத்தியருக்கு வேண்டியது நல்ல மருந்தும், அந்த மருந்து நம் பாம்புகளுக்கு வேலை செய்கிறது என்று சோதித்துச் சொல்லும் ஓர் ஆய்வுகூடமும். முதலாவதை நாம் வாங்குகிறோம். இரண்டாவதை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும்.